குப்பி வராத வருடம்

அருள், நீ கிளம்புவதற்குள் உன்னோடு உட்கார்ந்து பேசிவிடலாம் என்று நினைத்து நினைத்தே இந்த வாரத்தை ஓட்டிவிட்டேன். பெட்டி கட்டுகிற சத்தமும், வந்து போகிற சொந்தக்காரர்களும், இடையிடையே கரண்ட் போய்விடுகிற எரிச்சலுமாக வீடு ஒரு நிலையில் இல்லை. தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தால் நீ என்னமோ ஏதோவென்று பயந்துவிடுவாய். அதோடு, ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் நீளமாகப் பேசினால் எனக்குக் களைத்துப் போகிறது. எழுதினால் அவ்வளவு களைப்பதில்லை, நடுவில் நிறுத்திக் காப்பி குடித்துக்கொள்ளலாம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அங்கே உன்னோடு வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான்.

பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுசேர்ந்து வேலை செய்யப் பணம் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போகிறாய். எந்தக் கூட்டமைப்புக்குக் கொடுப்பது, எத்தனை வருடம் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிற மேசைக்குப் பக்கத்து மேசை என்று நீயே சொன்னாய். உன் அப்பா தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களிடமெல்லாம் ‘பையன் விஞ்ஞானிகளுக்குப் படியளக்கப் போறான்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மேசையிலிருந்து கிளம்புகிற ஒரு மின்னஞ்சல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தால் என்ன ஆகிறது என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று யாரும் நினைப்பதில்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் அந்த மின்னஞ்சலை வாங்கியவள். அதனால் சொல்கிறேன்.

நான் பார்த்த வேலை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வீட்டில் நான் அதிகம் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. கல்லூரியில் எங்கள் துறை என்பது இரண்டு அறையும் ஒரு பெரிய ஃப்ரீசரும்தான். சிங்கம்புணரிப் பக்கம் வெயிலில் நின்று வேலை செய்கிற சிலருக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே, ரத்தக்கொதிப்பு இல்லாமலே சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வந்தது. நாற்பது வயதுக்காரர்கள், குடிப்பழக்கம் இல்லாதவர்கள்கூட. வெயிலா, குடிக்கிற தண்ணீரா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இதே நோய் இலங்கையில் நெல் விவசாயிகளுக்கும், மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் வந்துகொண்டிருந்தது. இலங்கையில் நீர்கொழும்புக்காரி நில்மினி, மத்திய அமெரிக்காவில் மார்த்தா, இங்கே நான். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமலே மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வெளிநாட்டு நிதி. உன்னுடையதைப் போன்ற ஓர் அலுவலகம்.

அந்த நிதியில் எங்களுக்குப் பெரிய கருவி எதுவும் வரவில்லை. வருடம் ஒருமுறை மூன்று பேரும் ஓர் ஊரில் கூட வழி செய்தார்கள். அதைத்தான் எல்லோரும் ஊர் சுற்றுகிறார்கள் என்று கேலி செய்வார்கள். நீ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய சமயம் நான் மார்த்தாவின் ஊரில் இருந்தேன். உனக்குக் காய்ச்சல். அப்பா ரசஞ்சோறு கரைத்துக் கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்பினார். போனில் நீ கேட்டாய்: “ஊர்ல இருக்குறவுக கிட்னிக்கெல்லாம் நீங்க ஒருத்திதான் காவலா?” நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். கரும்புத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் மார்த்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ஊர்ப் பெண்கள் வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பார்கள் என்று கேட்டாள். நாங்கள் கேள்வித்தாளில் அதைக் கேட்டு எழுதித்தான் வைத்திருந்தோம். ஆனால் அவள் அடுத்துக் கேட்டதை நாங்கள் கேட்டதே இல்லை: ஒதுங்க இடம் இருக்கிறதா? அங்கே பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெட்டுகிறார்களாம். இங்கேயும் அதேதான். நானும் வயல்காட்டு ஊரில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஆராய்ச்சியில் கேட்க வேண்டிய கேள்வி என்று அது வரைக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பியதும் கேட்டோம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த பஸ் பயணத்துக்குத்தான் அந்த நிதி.

இன்னொன்றும் அனுப்பினார்கள். அதுதான் முக்கியம். சில மாதங்களுக்கு ஒருமுறை சின்னச் சின்னக் குப்பிகளாக ஒரு பொட்டலம் வரும். உள்ளே ரத்தநீர். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடுகிற ஓர் உப்பு அதில் எவ்வளவு இருக்கிறது என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நம் கருவியில் அளந்து சொல்ல வேண்டும். நாம் சொல்வது அவர்கள் வைத்திருக்கிற விடையோடு ஒத்துப்போனால் நம் கருவி சரி. மூன்று நாட்டுக்கும் ஒரே குப்பிதான். காரைக்குடியில் அளந்தாலும் கடல் தாண்டி அளந்தாலும் ஒரே எண் வர வேண்டும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் அந்தப் பொட்டலத்தைச் சென்னையில் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் வைத்த ஐஸ் உருகும் வரை கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது போய்க் கெஞ்சி மீட்டுக்கொண்டு வருவோம்.

நிதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பையன் ஒருமுறை வந்திருந்தான். உன்னைப் போலத்தான், அமைதியான பிள்ளை. பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்களே, அங்கே தங்க வைத்தோம். மறுநாள் சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். பெரியகருப்பன் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கலர் வாங்கிக் கொடுத்தார்கள். பெரியகருப்பன் சாலை வேலைக்குப் போகிறவர், தார் போடுகிற கூட்டத்தில் இருந்தார். சிறுநீரகம் கொஞ்சம் பழுது என்று தெரிந்து, அவர் மனைவி பாண்டியம்மாள் வெயில் வேலைக்கு விடாமல் நிறுத்தி வைத்திருந்தாள். திரும்பும் வழியில் அந்தப் பையன் கேட்டான்: எங்கள் நிதி முடிந்த பிறகு இது எப்படித் தொடரும்? எல்லோரும் கேட்கிற கேள்விதான். கல்லூரியே எடுத்து நடத்தும் என்று எல்லோரும் சொல்கிற பதிலை நானும் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். எங்கள் இரண்டு பேருக்குமே அது பதில் இல்லை என்று தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் நிதி கொடுத்த நாட்டில் ஆட்சி மாறியது. வெளிநாட்டு வேலைகளுக்கு இனிப் பணம் இல்லை என்று முடிவாயிற்று. எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையான மின்னஞ்சல்தான். எங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று இருந்தது. அந்தப் பையன் பெயர் அதில் இல்லை. அவன் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தான். அன்று மத்தியானம் நான் துறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை. எங்களை நம்பிக் கையை நீட்டியவர்களின் ரத்தமெல்லாம் உள்ளே அடுக்கடுக்காக இருந்தது.

நாங்கள் நிறுத்தவில்லை. கல்லூரி கொடுத்த கொஞ்சத்தில் ஊர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். ரத்தத்தை அளக்கக் கருவியில் ஊற்றுகிற மருந்து பெட்டியாக வரும். வழக்கமாக வாங்கும் பெட்டி கட்டுப்படியாகாமல் வேறொரு கம்பெனியுடையதை வாங்கினோம். கருவியைச் சரிபார்க்கிற கரைசலும் அதே பெட்டிக்குள் வரும். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. அதை அதைக்கொண்டே சரிபார்த்தால் சரி என்றுதானே சொல்லும். வெளியிலிருந்து வருகிற அந்தக் குப்பி வந்திருந்தால் முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும். அது வரவில்லை. அந்த வருடம் பெரியகருப்பனுக்கு எண் நன்றாக வந்தது. நான்தான் போய்ச் சொன்னேன். “குறஞ்சிருக்கு. நல்லாருக்கீக” என்றேன். பாண்டியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த மாதம் அவர் தார் வேலைக்குப் போய்விட்டார்.

நில்மினி அந்த வருடம் வேளாங்கண்ணிக்கு வந்தாள். கூட்டமைப்பு இல்லை, பயணப்படி இல்லை, ஆய்வுக்கென்று விசாவும் இல்லை. அவள் பங்குக் கோயில் ஆட்களோடு திருயாத்திரை வந்தாள். “அக்கா, மாதாவையும் பாக்கலாம், உங்களையும் பாக்கலாம்” என்று போனில் சொன்னாள். நீர்கொழும்புத் தமிழ், பாதி சிங்களம். நானும் உன் அப்பாவும் காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். லாட்ஜ் அறையில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே கட்டிலில் மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு, இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெளியே ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் போனது. அப்பா வாழைப்பழம் வாங்கப் போயிருந்தார். நில்மினி ரொம்ப நேரம் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அக்கா, உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே மாசத்துல சுகம் வந்திருக்கே. மாதா செஞ்ச புதுமையா?”

அவள் சிரிக்கவில்லை. நான் திரையைத் திருப்பிப் பார்த்தேன். புதுப் பெட்டி வாங்கிய மாதத்திலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் எண் ஒரே அளவு இறங்கியிருந்தது. மனுஷர்களுடைய சிறுநீரகம் அப்படிச் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகக் குணமாகாது. தனித்தனியாக ஒவ்வொருவரையும் பார்த்தபோது எனக்கு நல்ல செய்தியாகத் தெரிந்தது, பக்கத்தில் இன்னொருவர் எண்களோடு வைத்தபோதுதான் பிசகு என்று தெரிந்தது. அப்பா பழத்தோடு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பழச்சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஊருக்கு வந்ததும் ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் மதுரையில் ஒரு நல்ல ஆய்வகத்தில் திரும்ப அளந்தோம். பிறகு வீடு வீடாகப் போனோம். நல்லாருக்கீக என்று சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கு, அப்படி இல்லை என்று சொல்லப் போவது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுதிப் புரியவைக்க முடியாது. சிலருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியகருப்பனுக்கு இருந்தது. அவர் தார் வேலைக்குப் போய் வந்து உடம்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அது சிறுநீரகத்துக்கு ஆகாது. கால் வீங்கியிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்க, பாண்டியம்மாள்தான் பேசினாள்.

“நல்லாருக்குன்னு சொன்னீகளே?”

“மிஷின் தப்பாக் காட்டிருச்சும்மா.”

“எங்களுக்கு மிஷினா தெரியும்? நீங்க சொன்னீக, விட்டேன்.”

அதற்கு மேல் அவள் கோபப்படவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் வந்தால் தப்பாக எடுத்துக்கொள்வாள் என்று குடித்தேன்.

பெரியகருப்பனுக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை சிவகங்கையில் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். பஸ்ஸில்தான் போய் வருகிறார். அந்த ஒரு வருடம் வெயிலில் நிற்காமல் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டால், தெரியாது. இந்த நோய் சிலருக்கு எப்படியும் முற்றத்தான் செய்கிறது. உறுதியில்லாததை உறுதி என்று எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை, இந்தக் கடிதத்துக்காகப் புதிதாகப் பழக மாட்டேன். ஆனால் குப்பி வந்திருந்தால் அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். அது மட்டும் உறுதி. உன் அலுவலகம் மாதிரி ஓர் இடத்தில் எங்கள் கோப்பு நல்லபடியாக முடிந்தது என்றுதான் மூடப்பட்டிருக்கும். அதை மூடியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு இப்போது தெம்பும் இல்லை.

நீ பணம் கொடுப்பதை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். எங்களுக்கும் கூட்டங்களை நிறுத்தியிருக்கலாம், எங்கள் சம்பளப் படியை நிறுத்தியிருக்கலாம், சமாளித்திருப்போம். அந்தப் பொட்டலத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் அனுப்பியிருக்கலாம். அது அவர்களுடைய தேநீர்ச் செலவுக்குள் அடங்கியிருக்கும். யாரும் கேட்கவில்லை, நிறுத்தினால் எது யார் தலையில் விழும் என்று. எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். எப்படித் தொடரும் என்று அந்தப் பையன் கேட்டதற்குப் பதிலாக, எதை நிறுத்தவே கூடாது என்று கேட்டிருந்தால், காரில் வரும்போதே நான் குப்பி என்று சொல்லியிருப்பேன். நீ யாரையாவது பார்க்க ஏதாவது ஊருக்குப் போனால் அதைக் கேள். கேட்டதை நீ வேறு வேலைக்குப் போகும்போது உன் இடத்துக்கு வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நில்மினி போன் பண்ணினாள். உன் அலுவலகம் புதிதாகக் கூட்டமைப்புகளுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறதாம். நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். அவளும் மார்த்தாவும் மறுபடி தொடங்கலாம் என்கிறார்கள், காரைக்குடியையும் சேர்த்து. ஓய்வு பெற்றாலும் கௌரவப் பொறுப்பில் நான் இருக்கலாம் என்று கல்லூரியிலும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “மகனுக்காகவா அக்கா?” என்று நில்மினி கேட்டாள். ஆமாம் என்றேன். விண்ணப்பத்தில் என் பெயர் இருந்தால், நீ அதைத் தொடாவிட்டாலும், தொட்டதாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் விண்ணப்பமும் கெடும், நீயும் கெடுவாய். மதுரையில் தேன்மொழி என்று ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. அவள் பெயரில் போகும். ஊர்கள் அதேதான், ஆட்கள் அதேதான், நான் மட்டும் இருக்க மாட்டேன். நீயும் அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போய்விடு. இதை நான் தியாகம் என்று நினைக்கவில்லை. முழங்கால் வலிக்கிறது, வெயில் முன்பு மாதிரி தாங்கவில்லை. ஆனால் சும்மா விட்டுவிட்டேன் என்றும் நீ நினைக்க வேண்டாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

போன சனிக்கிழமை தேன்மொழியை அந்த ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்தக் கூட்டிப்போனேன். நீ அன்று துணி எடுக்க மதுரைக்குப் போயிருந்தாய். பெரியகருப்பன் சிவகங்கை போயிருந்தார். பாண்டியம்மாள் இருந்தாள், அவள் மகனும் இருந்தான். தகப்பன் விட்ட தார் வேலைக்கு இப்போது அவன்தான் போகிறான். விண்ணப்பத்தில் காட்டச் சிலருக்கு முன்கூட்டியே அளந்து பார்க்க, அவன் ரத்தத்தைத்தான் தேன்மொழி கேட்டாள். பாண்டியம்மாள் அவளிடம் பேசாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இதுவும் பாதியில நின்னுருமா?”

விண்ணப்பமே இன்னும் போகவில்லை. கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தாலும் எந்த நாட்டில் எப்போது எந்த ஆட்சி மாறும் என்று யாருக்குத் தெரியும். நிற்காது என்று சொல்லியிருக்கலாம். தேன்மொழி நான் அப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றாள்.

“தெரியலம்மா,” என்றேன். “நின்னாலும் நிக்கும்.”

பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போன தடவ நல்லாருக்குன்னு சொன்னீக. இந்தத் தடவ தெரியலங்கிறீக. இதுவே தேவல,” என்றாள். உள்ளே திரும்பி, “எலேய், இங்குட்டு வா, கையக் குடு” என்று மகனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். தேன்மொழி எடுத்தாள். எங்கள் வழக்கப்படி குழாயில் பெயர் எழுதுவதில்லை, ஓர் எண்தான் ஒட்டுவோம். எங்கேயாவது ஒரு மேசைக்கு அவன் வந்தால் அந்த எண்ணாகத்தான் வருவான். அவன் பெயர் முத்துக்குமார். உன் வயதுதான்.

அம்மா